பிள்ளைகளோடு ஹீரோக்வெஸ்ட்: எங்கிருந்து தொடங்குவது?

குடந்தைவாசி:

ஹீரோக்வெஸ்ட் ஆடி வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா 1991இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை வருகிறது. இரண்டு பேரையும் உட்காரவைத்து ஆட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மில்டன் பிராட்லி நிறுவனமும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து 1989இல் கொண்டுவந்த பலகை ஆட்டம் இது. வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். காட்டுவீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என்று நான்கு வீரர்கள் பாதாள அறைகளுக்குள் போவார்கள். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தீய மந்திரவாதியாக ஆட வேண்டும். வரைபடம் அவர் கையில்தான் இருக்கும், மற்றவர்கள் பார்க்க முடியாதபடி முன்னால் ஒரு அட்டை மறைப்பு. வீரர்கள் கதவைத் திறந்தால் அந்த அறையில் என்ன இருக்கிறதோ அதை அவர் எடுத்து வைப்பார். புத்தகத்தில் 14 சாகசங்கள் உண்டு.

எனக்குச் சில குழப்பங்கள். முதல் சாகசத்திலிருந்தே தொடங்கலாமா? தீய மந்திரவாதியாக நான் உட்காரலாமா, அப்பாவே எதிரி என்றால் சின்னவன் முகம் வாடிவிடுமா? அவனுக்கு இருட்டு என்றால் கொஞ்சம் பயம் வேறு. அட்டைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

லெட்சுமாங்குடி:

அண்ணா, கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு வீட்டில் இந்தப் பெட்டி இருந்தது. அத்தா மலேசியாவிலிருந்து கொண்டுவந்ததை ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்து வந்து விடிய விடிய ஆடியிருக்கிறோம்.

முதலில் ஒன்று பாருங்கள். உங்கள் புத்தகத்தில் தீய மந்திரவாதியின் பெயர் மோர்காரா, ஸார்கானா? மோர்கார் என்றிருந்தால் அது பிரிட்டிஷ் பதிப்பு. அதில் எல்லா அரக்கர்களுக்கும் ஒரே ஒரு உயிர்ப்புள்ளிதான். சண்டைப் பகடையில் மண்டையோடு என்றால் அடி, கேடயம் என்றால் தடுப்பு. கேடயத்தைத் தாண்டி ஒரு மண்டையோடு விழுந்தாலே ஆள் காலி. ஸார்கான் என்றிருந்தால் 1990இல் வந்த அமெரிக்கப் பதிப்பு. அதில் மம்மிக்கு இரண்டு, கார்காயிலுக்கு மூன்று என்று ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு பிரிட்டிஷ் கணக்கே நல்லது. எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒரு புள்ளி என்று வைத்து ஆடுங்கள். ஆட்டம் விறுவிறு என்று போகும்.

பிரிட்டிஷ் பதிப்பின் முதல் சாகசத்தை அண்ணன் தம்பி, அக்கா தம்பிக்குப் போடவே போடாதீர்கள். அது ஒரு புதிர்ப்பாதை. வீரர்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து கிளம்பி, முதலில் வெளியே வருபவருக்கு 100 பொற்காசு. சேர்ந்து ஆடுவதற்கென்றே இருக்கிற ஆட்டத்தை போட்டியில் தொடங்கினால் பாதியிலேயே சண்டை வரும்.

வெண்ணாற்றங்கரை:

என்னிடம் இருப்பது ஹாஸ்ப்ரோ, அவலான் ஹில் பெயரில் மறுபடி வெளியிட்ட புதுப் பெட்டி. 2020இல் கூட்டுநிதி திரட்டி, அடுத்த ஆண்டிலிருந்து கடைக்கு வந்தது. பெட்டியின் மேல் 14 வயது என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் தாராளமாக ஆடலாம்.

இதன் முதல் சாகசம் வேறு. வெராக் என்ற கார்காயிலைத் தேடிப் போக வேண்டும். புதிதாக ஆடுபவர்களுக்குக் கடினம்.

அப்பா எதிரியாக உட்காருவது பிடிக்கவில்லை என்றால் இதற்கென்று இலவசச் செயலி இருக்கிறது. தீய மந்திரவாதியின் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்களும் ஒரு வீரனாகப் பிள்ளைகள் பக்கம் நின்று ஆடலாம். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

ஐயாறு:

செயலி நல்ல வசதிதான். ஆனால் முதல் முறை அதைத் தொட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பள்ளியில் பாடம் நடத்துகிறவன், மழை விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து இந்த ஆட்டத்தை நடத்தி வருகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

தாயக்கட்டத்திலும் கேரம்போர்டிலும் எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கும். இதில் பலகை வெறுமனே கிடக்கும். சுவர்க்கோடுகள் மட்டும். பிள்ளை தன் வீரனைக் கதவருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "திறக்கிறேன்" என்கிறது. அப்புறம்தான் மேசை வருகிறது, பெட்டி வருகிறது, மூலையில் ஒரு ஓர்க் வருகிறது. ஆட்டத்தின் உயிர் இங்கேதான். பகடையும் சண்டையும் இதற்கு அடுத்துதான். அந்த அறையை நிரப்புகிற கை அப்பாவின் கையாக, அம்மாவின் கையாக இருக்க வேண்டும். திரை காட்டினால் பிள்ளை திரையைப் பார்க்கும். நீங்கள் வைத்தால் உங்கள் முகத்தைப் பார்க்கும், "அப்பாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்" என்று துடிக்கும். அந்தத் துடிப்புக்காகத்தான் இந்த ஆட்டத்தையே ஆடுகிறோம்.

ஆகவே முதல் வேலை, பெட்டியைப் பிள்ளைகள் முன்னால் கொட்டிக் காட்டாதீர்கள். வீரர்கள் நால்வரையும் பகடையையும் மட்டும் கொடுங்கள். அரக்கர்கள், அலமாரி, சவப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கார்காயில் என்று ஒன்று இருப்பதே அது எழுந்து நிற்கும்போதுதான் தெரிய வேண்டும்.

அடுத்தது, விதிகளை முன்கூட்டி ஒப்பிக்காதீர்கள். சாகசப் புத்தகத்தின் கடைசியில் நாமே வரைந்துகொள்ள ஒரு வெற்று வரைபடம் இருக்கும். அதை நகலெடுத்து மூன்றே அறை வரையுங்கள். முதல் அறைக்குப் போக நடப்பதும் கதவு திறப்பதும் மட்டும் தெரிந்தால் போதும். அங்கே ஒரே ஒரு காப்ளின், அதனால் சண்டை விதியை அங்கே சொல்லுங்கள். இரண்டாவது அறையில் ஆளே இல்லாமல் ஒரு பெட்டி, புதையல் தேடுவதை அங்கே சொல்லுங்கள். மூன்றாவது அறைக்குப் போகும் வழியில் ஒரு பொறி. குள்ளனை எடுத்த பிள்ளைக்கு அங்கே வேலை வரும். மற்றவர்களுக்குப் பொறியை அகற்ற கருவிப்பெட்டி வேண்டும், குள்ளனுக்கு வேண்டாம். ஒரு பகடை உருட்டிக் கறுப்புக் கேடயம் விழுந்தால் மட்டும்தான் பொறி அவன்மேல் பாயும். அதனால் சின்னவனுக்குக் குள்ளனையே கொடுங்கள். தன்னால் மட்டும் முடிகிற வேலை ஒன்று கையில் இருந்தால் சின்னப் பிள்ளை எழுந்து ஓடாது.

மந்திரவாதி பெரியவளுக்கு. காற்று, நெருப்பு, நீர், நிலம் என்று நான்கு கட்டு மந்திரம், கட்டுக்கு மூன்று அட்டை. எல்ஃபுக்கு ஒரு கட்டு போக மூன்று கட்டு மந்திரவாதிக்கு. ஒவ்வொன்றையும் ஒரு சாகசத்தில் ஒரே தடவைதான் விடலாம் என்பதால் சேமிப்பதா செலவழிப்பதா என்று யோசிக்க நிறைய இருக்கிறது. ஆங்கில அட்டையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரியவள் வாசித்துத் தம்பிக்குச் சொல்லட்டும். அவளுக்கும் அது ஒரு பொறுப்பு.

ஹரித்ராநதி:

ஐயாறு சார் சொல்வதெல்லாம் சரி. வீரன் செத்துப்போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதுதான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய விஷயம். மந்திரவாதிக்கு மொத்தமே நான்கு உயிர்ப்புள்ளி. என் மகன் தன் வீரனுக்குப் பெயர் வைத்து, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினான். அந்தப் பிள்ளையிடம் "செத்துவிட்டான், வேறு ஆள் எடுத்துக்கொள்" என்று எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டு விதி இது. உயிர்ப்புள்ளி தீர்ந்தால் வீரன் மயங்கி விழுவான். கூட்டாளி ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரை வர வேண்டும். தூக்குகிறவருக்கு ஒரு பகடை நடைதான், சண்டை போட முடியாது. கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அடுத்த சாகசத்தில் பழையபடி எழுந்துவிடுவான். சாவைவிட இதில் பரபரப்பு அதிகம் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒருவன் விழுந்தால் மூன்று பேரும் கத்திக்கொண்டு அவனிடம் ஓடுகிறார்கள்.

ஐயாறு:

அக்கா, உங்கள் விதியில் ஆபத்து அப்படியே இருக்கிறது, விலையும் இருக்கிறது. அதனால் எனக்கு முழுச் சம்மதம். நான் வேண்டாம் என்பது வேறொன்றை. பெரியவர்கள் மறைப்புக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றுவது. பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த அன்றோடு கதவைத் திறக்கிற பயமும் போய்விடும், ஆசையும் போய்விடும். பகடையை எல்லோர் கண்முன்னால் உருட்டுங்கள்.

லெட்சுமாங்குடி:

ஏமாற்றித் தர வேண்டிய அவசியமே இல்லை. பகடையே வீரர்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. சண்டைப் பகடையின் ஆறு முகத்தில் மூன்று மண்டையோடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒரு கறுப்புக் கேடயம். வீரன் வெள்ளையில் தப்பிப்பான், அரக்கன் கறுப்பில் மட்டும்தான் தப்பிப்பான். அடி இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி, தற்காப்பில் வீரனுக்கு இரட்டிப்பு வாய்ப்பு. இதைப் பெரியவளிடம் கேள்வியாகப் போடுங்கள், பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவளே கண்டுபிடிப்பாள்.

சின்னவன் பயத்துக்கு ஒன்று. அவனுக்குக் காட்டுவீரனைக் காவலாக வையுங்கள். அம்மாவோ பாட்டியோ அதை எடுத்து ஆடட்டும். எட்டு உயிர்ப்புள்ளி, மூன்று பகடை அடி. எப்போதும் குள்ளனுக்கு முன்னால் நடக்கிற ஆள். சின்னவன் பயப்படவே மாட்டான்.

திருவரங்கத்தான்:

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, இப்போதுதான் உங்கள் எழுத்தில் படிக்கிறேன். வயது எழுபதைத் தாண்டியவன் ஒன்று சொல்லலாமா? வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடுவோம். சொர்க்கத்துக்குப் பக்கத்தில் போய்ப் பெரிய பாம்பு கடித்து அடிக்கு வந்துவிடுவோம். யாரும் அழுததில்லை. பாட்டி அந்தப் பாம்புக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டே காயைக் கீழே இறக்குவாள். கதை கேட்கிற ஆசையில் விழுந்ததே மறந்துவிடும். உங்கள் வீரன் விழுந்தாலும் அப்படிக் கதையோடு இறக்குங்கள், தம்பி.

கோடியக்கரை:

பெட்டி பத்திரமாக இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்த இரவு எங்கள் வீட்டு ஓடு பறந்து பரணில் இருந்ததெல்லாம் நனைந்தது. பிளாஸ்டிக் பொம்மைகள் தப்பின. பலகை ஊறி இரண்டாகப் பிளந்தது, அட்டைகள் கூழாகிவிட்டன. மின்சாரம் வராத அந்த வாரங்களில் சார்ட் பேப்பரில் 26க்கு 19 கட்டம் போட்டுப் பலகையைத் திரும்ப வரைந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கோடு போட்டார்கள். மந்திரம், புதையல் அட்டைகளைத் தமிழிலேயே எழுதினோம். இன்றும் அதில்தான் ஆடுகிறோம். ஆகவே பெட்டி இல்லாதவர்கள் விலையைப் பார்த்து ஒதுங்க வேண்டாம்.

எழுதும்போது கதையையும் நம் ஊருக்கு மாற்றிவிட்டேன். தஞ்சாவூர் அரண்மனைச் சுரங்கப்பாதை, சோழர் படைவீரன், சித்தர், வேதாளம். பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. குடந்தைவாசி அண்ணன் யோசித்துப் பார்க்கலாம்.

ஐயாறு:

புயலுக்குப் பிறகு பலகையைத் திரும்ப வரைந்தது மனதைத் தொட்டது, தம்பி. சோழர் கதையாக மாற்றுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் போகிறது என்ற கதை நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு, பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்கிறார்கள். ஓர்க்கும் கார்காயிலும் அவர்களுக்குப் புத்தம் புதிது. எங்கோ பனிமலைக்கு அப்பால் இருக்கிற ஒரு நாட்டுக்கு, திருவையாற்றுத் திண்ணையில் உட்கார்ந்தபடி போய்வருகிற வாய்ப்பை ஏன் மூட வேண்டும்? பேச்சு தமிழில் இருக்கட்டும், ஊர் அந்த ஊராகவே இருக்கட்டும்.

கோடியக்கரை:

சார், என் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும் என்கிறார்கள். ஒரு வாரம் மோர்கார், ஒரு வாரம் வேதாளம். வேதாளம் அடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும், சரியான பதில் சொன்னால் வழிவிடும். இதை எப்படி விடுவது?

ஐயாறு:

கேள்வி கேட்கிற வேதாளம் அருமை. அதை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

குடந்தைவாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆடினோம், விவரமாகவே எழுதுகிறேன். பெட்டி மோர்கார் பெட்டிதான்.

மூன்று அறை வரைபடம் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரி காட்டுவீரன், மகள் மந்திரவாதியும் எல்ஃபும், மகன் குள்ளன். கூடத்தில் பாய் விரித்து, பை என் மடியில். முதல் கதவுக்கு முன்னாலேயே கால் மணி நேரம் போய்விட்டது. யார் முதலில் நிற்பது என்று இரண்டு பேரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள், எனக்குக் கேட்கக் கூடாதாம். காப்ளினை எடுத்து வைத்ததும் சின்னவன் அம்மா மடியில் ஒண்டினான். மகள் நெருப்புப் பந்து அட்டையை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். "இவனுக்கு இது வேண்டாம், பெரிய ஆளுக்கு இருக்கட்டும்" என்றாள். காட்டுவீரன் ஒரே அடியில் முடித்தான்.

இரண்டாவது அறையில் புதையல் தேடினால் திரியும் அரக்கன் அட்டை வந்தது. நான் எலும்புக்கூடு வைத்தேன். மகள் உடனே தூக்க மந்திரத்தை நீட்டினாள். அட்டையைப் படி என்றேன். எலும்புக்கூடு, ஜோம்பி, மம்மி மேல் அது செல்லாது. "செத்தவனுக்கு ஏதுடா தூக்கம்" என்று தம்பிக்கு அவளே விளக்கினாள். அவன் அதைப் பாட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதற்குள் எல்ஃபுக்கு இரண்டு புள்ளி போயிருந்தது.

பொறியை அகற்றும் வேலை வந்தபோது சின்னவன் பகடையை இரண்டு கையாலும் மூடிக் குலுக்கி, தாயம் போடுவதைப் போல ஊதிவிட்டு உருட்டினான். மண்டையோடு. பொறி போனது. அதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் அவனைக் கேட்காமல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். மயக்க விதியைச் சொல்லி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

அப்பா எதிரி என்ற வருத்தம் துளிக்கூட இல்லை. நான் குரலை மாற்றி மோர்காராகப் பேசினால்தான் பிடிக்கிறதாம், சாதாரணமாகப் பேசினால் திட்டு விழுகிறது. அடுத்து சர் ராக்னரை மீட்கும் இரண்டாவது சாகசத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

லெட்சுமாங்குடி:

கண்ணை மூடிக்கொண்டு போகலாம் அண்ணா. ராக்னரை உயிரோடு படிக்கட்டுக்குக் கொண்டுவந்தால் 240 பொற்காசு, எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். தலைக்கு 60 என்று சின்னவனே கணக்குப் போடட்டும். ராக்னர் செத்தால் காசு கிடையாது. பிறகு ஆயுதக்கடை. முழு இரும்புக் கவசம் வாங்கினால் ஒரு பகடை நடைதான் என்பதை மட்டும் மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஆறாவதுக்கு முன் ஒரு வார்த்தை. மூன்றாவதில் உலாக் என்ற ஓர்க் தலைவனை முடிப்பார்கள். அவன் மகன் கிராக் பழிவாங்க வருவதுதான் ஆறாவது. வீரர்கள் சிறைக்குள் கண்விழிப்பார்கள், அதுவரை காசு சேர்த்து வாங்கிய வாள், கவசம் எதுவும் கையில் இருக்காது. அதை மீட்டெடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அன்று பெரிய பிள்ளைகளே கண்கலங்கினார்கள்.

ஹரித்ராநதி:

அந்தச் சாகசத்துக்கு முன்னால் "பொருளைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஏழு வயதுக்கு அது போதும். நான் சொல்லித்தான் ஆடினேன்.

ஐயாறு:

சொல்லாமல் ஆடுங்கள் என்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவில் வேண்டாம், மறுநாள் காலையிலேயே தொடர்ந்து ஆட நேரம் இருக்கிற நாளாகப் பாருங்கள். நிராயுதபாணியாக நிறுத்திவிட்டு ஒரு வாரம் காக்கவைக்கக் கூடாது.

குடந்தைவாசி:

ஆறாவதைப் பொங்கல் விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் தொடங்கினால் காணும் பொங்கல் காலையில் முடிக்கலாம். மகளிடம் எதுவும் சொல்லப் போவதில்லை. சின்னவனிடம் மட்டும் அக்கா சொன்ன அந்த ஒரு வரி.